கட்டண்ணனின் வலது கை

எங்கள் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கும் மாவுக்கட்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான், இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுப்பவள். அந்தப் பக்கம் கட்டண்ணன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவர் கட்டண்ணன்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துப் பயப்படாதவர். "என்ன படக்காரம்மா, இன்னிக்கு எத்தனை பேரைத் திட்டினீங்க?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

அவர் கட்டுப் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். வாளித் தண்ணீரில் முதலில் தன் முழங்கை நுனியை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் சூடாக இருந்தால் மாவு அவசரப்பட்டு இறுகிவிடும், நோயாளியின் தோலையும் வேகவைத்துவிடும். சுருளை முக்கி, குமிழி அடங்கும்வரை பொறுத்து, லேசாகப் பிழிந்து, உள்ளங்கையால் மட்டுமே தடவுவார். விரல் பதிந்தால் பள்ளம் விழும், பள்ளம் விழுந்த இடத்தில் உள்ளே புண் வரும். எல்லாம் முடிந்ததும் பேண்டேஜ் முனையை முக்கோணமாக மடித்து உள்ளே செருகி, மேலே பெருக்கல் குறி போல இரண்டு பிளாஸ்திரி ஒட்டுவார். ஆறு வாரம் கழித்து எனக்கு முன்னால் வந்து நிற்கிற கையில் அந்தப் பெருக்கல் குறி அப்படியே இருக்கும்.

விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்கள் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். எந்த விளையாட்டு என்று கேட்கவே மாட்டார், அவரே சொல்லிவிடுவார். தோளைப் பிடித்துக்கொண்டு வந்தால் பந்து எறிந்தது, குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தால் இறகுப்பந்து. ஒருமுறை ஒருவர் கை உடைந்து மனைவியோடு வந்து, ஆபீஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கட்டண்ணன் அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துக்கொண்டே, "உங்க ஆபீஸ் படிக்கட்டுல புல்லு வளருதா சார்?" என்று அப்பாவியாகக் கேட்டார். அந்த மனைவி பார்த்த பார்வையில், உடைந்த கை ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அந்த மனிதருக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டே கிடையாது. மேல்கை எலும்பு உடைந்து யார் வந்தாலும், கட்டுக்கு முன்னால் ஒருமுறை, கட்டுக்குப் பின்னால் ஒருமுறை, "மணிக்கட்டை மேல தூக்குங்க. கட்டைவிரலை நீட்டுங்க" என்பார். மேல்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. எலும்பு உடையும்போது அந்த நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும், கையைத் தூக்கவே வராது. கட்டுக்கு முன்னால் தூக்க வந்த கை பின்னால் தூக்க வராவிட்டால் குற்றவாளி கட்டுதான், அதே நிமிஷம் அவிழ்த்தாக வேண்டும். பெரிய டாக்டரே வந்து அவசரப்படுத்தினாலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

போன வருடம் எங்கள் ஊழியர் விளையாட்டு விழாவன்று மழை பிடித்துக்கொண்டது. ஓட்டப்பந்தயமும் கயிறு இழுப்பதும் போயே போச்சு. எல்லோரும் கேன்டீனில் அடைந்து கிடந்தோம். யாரோ கையை மடக்கும் போட்டி வைக்கலாம் என்றார்கள். கட்டண்ணன் வரிசையாக நான்கு பேரை மடக்கிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா? எலும்பு ஆஸ்பத்திரியில எலும்புள்ள ஆளே இல்லையா?" என்று கூவினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எழுந்து வந்தவள் எங்கள் பிசியோ. இருபத்தொன்பது வயது, குள்ளம், அதிர்ந்து பேசமாட்டாள். ஆனால் கல்லூரியில் குண்டு எறிதலில் மெடல் வாங்கியவள், முரண்டு பிடிக்கும் முழங்கால்களைத் தினமும் முப்பது நாற்பது மடக்கி நீட்டுகிறவள். எங்களுக்குள் அவள் பெயர் பயில்வான்.

"வேணாம் தங்கச்சி. அப்புறம் அண்ணன் கையை உடைச்சிட்டாருன்னு அழுவே."

"உக்காருங்கண்ணே, பாக்கலாம்."

அரை நிமிஷம் இரண்டு கைகளும் அசையவில்லை. பிறகு கட்டண்ணனின் கை மெல்லப் பின்னால் சாய ஆரம்பித்தது. கேன்டீனே கூச்சல் போட்டது. கௌரவமாகத் தோற்றிருக்கலாம் அல்லவா? மாட்டார். தோளைத் திருப்பி, உடம்பு முழுவதையும் முறுக்கி எதிர்த்தார். டொக் என்று ஒரு சத்தம். கையை மடக்கும் போட்டியில் மேல்கை உடைந்து வந்தவர்களை நானே நிறையப் படம் எடுத்திருக்கிறேன். இப்படித்தான், தோற்கிறவர் உடம்பைத் திருப்பும்போதுதான் உடையும். இது தெரிந்த இருபத்தைந்து பேர் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

வேறு இடமாக இருந்தால் யாராவது டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பார்கள். இங்கே எல்லோரும் எலும்புக்காரர்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கட்டண்ணன்தான் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அதட்டினார். "யாரும் தொடாதீங்க. மேல்கை, நட்ட நடு எலும்பு, முறுக்கி உடைஞ்சிருக்கு. படக்காரம்மா, மெஷினைப் போடுங்க." சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் பழக்கதோஷத்தில் தன் கையைப் பார்த்துத் தானே சொன்னார், "மணிக்கட்டைத் தூக்கு."

தூக்க வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். மணிக்கட்டு அப்படியே தொங்கியது. கேன்டீனில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பயில்வான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

படம் அவர் சொன்னதையே காட்டியது. எலும்பு நடுவில் முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. பெரிய டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஆபரேஷன் வேண்டாம். இந்த எலும்பு தானா கூடிடும். நரம்பு அறுந்திருக்காது, அடிபட்டு மயங்கிக் கிடக்கு. பெரும்பாலும் திரும்பி வரும். மூணு நாலு மாசம் பொறுக்கணும்."

"பெரும்பாலும்னா, வராமலும் போகலாம் இல்லையா சார்?" என்றார் கட்டண்ணன்.

"போகலாம்" என்றார் டாக்டர். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

வராமல் போனால் என்ன ஆகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டு நிமிராத கையால் மாவுச் சுருளைப் பிழிய முடியாது, உள்ளங்கையால் தடவ முடியாது. நிர்வாக அலுவலகம் அவரைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பிவிடும். முப்பது வருடம் வாயும் கையும் ஓயாமல் இருந்த மனிதரைத் தூசிக்கு நடுவில் உட்கார வைத்தால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் ஒரு சிக்கல். கட்டுப் போடுகிறவர் கையே உடைந்துவிட்டால் கட்டுப் போடுவது யார்? பெரிய டாக்டரே இறங்கினார். பதினைந்து வருடமாக அவர் சொல்வார், கட்டண்ணன் போடுவார். இப்போது டாக்டர் வாளிக்குள் கை விட, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி உத்தரவு போட்டார். "சார், தண்ணி ஜாஸ்தி. சார், விரல் படுது. சார், பொறுமை, குமிழி இன்னும் அடங்கல." மாவுப் பட்டையை வைத்து, மேலே பேண்டேஜைச் சுற்றி, கட்டு ஒருவழியாக முடிந்தது. பேண்டேஜ் முனை கசங்கிய கைக்குட்டை மாதிரி முடிச்சோடு தொங்கியது. கட்டண்ணன் அதைப் பார்த்த பார்வையில், கை உடைந்த வருத்தத்தைவிட இந்த வருத்தம் பெரிதாக இருந்தது.

மேல்கை உடைந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான வைத்தியம் உண்டு. கழுத்திலிருந்து வரும் பட்டி மணிக்கட்டை மட்டும் தாங்கும். முழங்கை அந்தரத்தில் தொங்க வேண்டும். கையின் கனமே கீழே இழுத்து எலும்பை நேராக வைக்கும். பாவம் வலிக்கிறதே என்று முழங்கைக்கு அடியில் தலையணை வைத்தால் போச்சு, எலும்பு வளைந்துகொள்ளும். தூங்குவதுகூட உட்கார்ந்துதான். கட்டண்ணன் இதையெல்லாம் எத்தனையோ நோயாளிகளுக்கு ஒப்பித்தவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாய்வு நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, எத்தனை டிகிரி சாய்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் படம் எடுக்க வந்தார்கள். எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலும்பு முன்பைவிட அதிகமாக வளைந்திருந்தது. ஏன் என்று புரியாமல் வெளியே வந்து அவர் கையைப் பார்த்தேன். பேண்டேஜ் மொழுமொழுவென்று இருந்தது. முனை முக்கோணமாக மடித்துச் செருகியிருந்தது, மேலே ஒரு பெருக்கல் குறி. கழுத்துப் பட்டி குட்டையாகி, முழங்கை அழகாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"யார் அவிழ்த்தது?" என்றேன்.

"அரிச்சுது" என்றார், அசடு வழிய.

"அரிச்சா என்கிட்ட வந்து சொல்லணும். நீங்களே அவிழ்த்துக் கட்டிக்கிட்டீங்களா? வேற எந்த நோயாளிக்காவது இந்தக் கொழுப்பு வருமா? இவ்வளவு நேர்த்தியா வளைச்சு வச்சிருக்கீங்களே எலும்பை!"

டீச்சர் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஸ்கூலுக்குப் போயிருந்தப்பவா?" என்று மட்டும் கேட்டார். நான் திட்டியதைவிட அந்த ஒரு கேள்விதான் கட்டண்ணனுக்கு இன்னும் உறைத்திருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்க டீச்சர் அக்கா முன்னால் போன பிறகு, கட்டண்ணன் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், "அசிங்கமா இருந்துச்சுன்னு அவிழ்க்கலம்மா. எனக்கு இன்னும் கட்ட வருதான்னு பாத்தேன். இடது கையாலயும் பல்லாலயும் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வலது கையால முனையைப் பிடிச்சுக்கக்கூட முடியல." எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவரை இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

டாக்டர் கட்டைப் பிரித்து, மேல்கையைச் சுற்றி இறுக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டினார். மணிக்கட்டு தொங்காமலிருக்கத் தனியாக ஒரு பட்டை. பத்து நாளில் நேராகாவிட்டால் தகடு வைத்து ஆபரேஷன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பயில்வான் முன்னால் வந்தாள். விழா நாளிலிருந்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை, வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதியும் கொடுத்திருந்தாள். கழுத்துப் பட்டியைச் சரியான நீளத்துக்கு இழுத்து முடிச்சுப் போட்டாள். பேனாவை எடுத்து முடிச்சின் மேல் குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"இந்தக் கையெழுத்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் எனக்குத் தெரியும்ணே. உறையை இறுக்குறது டீச்சர் அக்கா மட்டும்தான். நீங்க தொடக் கூடாது."

"என்னம்மா, என்னைத் திருடன் மாதிரி..."

"திருடனை நம்பலாம்ணே. உங்களை நம்ப முடியாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே அவள் மாற்றல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

கையின் கனம் தன் வேலையைச் செய்தது. பத்து நாளில் எலும்பு நேராகிவிட்டது. அதற்குப் பிறகு கட்டண்ணனை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. கைக்குத்தான் விடுப்பு, வாய்க்கு விடுப்பு இல்லை என்று மாவுக்கட்டு அறையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பதிலாக வந்த மனிதர் பாவம், சாதுவானவர். "உள்ளங்கை, உள்ளங்கை" என்ற கூவலை நாள் முழுவதும் கேட்டு, வீட்டில் மாவு பிசையும்போதும் விரல் படாமல் பிசைகிறேன் என்று என்னிடம் புலம்பினார். கையில் அடிபட்டு வந்த ஒரு கோல்கீப்பர், கட்டண்ணனின் உறையைப் பார்த்து மரியாதையாக, "நீங்க எந்த ஆட்டம் சார்?" என்று கேட்டார். "உட்கார்ந்து ஆடுற ஆட்டம்" என்றார் இவர்.

காலையில் பயில்வானிடம் போவார். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி, கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தூக்குங்கண்ணே" என்பாள். ஒன்றும் நடக்காது. "பரவால்ல, நாளைக்குப் பாப்போம்" என்பாள். நாலாவது வாரம், ஏழாவது வாரம், பத்தாவது வாரம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, உறையும் கழன்றது, தோள் சுற்றுகிறது, முழங்கை மடங்குகிறது. மணிக்கட்டு மட்டும் அப்படியே கிடந்தது. நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கோப்பு அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

பதின்மூன்றாவது வாரம் கட்டண்ணன் பயில்வானின் அறைப் பக்கம் போகவே இல்லை. என்ன என்று கேட்டதற்குச் சாக்குச் சொன்னார். நான் விடாமல் நச்சரித்த பிறகு உண்மை வந்தது. "ஒவ்வொரு நாளும் தூக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு. தூக்க வரலன்னதும் முகம் சுண்டிப் போயிடுது. கை போனா போகட்டும் படக்காரம்மா. அது முகத்தை என்னால பாக்க முடியல." தன் கையைப் பற்றி அவர் போகட்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினாலாவது வாரம் திங்கட்கிழமை. வியாழக்கிழமை நரம்புப் பரிசோதனை என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் எலும்புக்கு ஒரு படம் வேண்டுமென்றார் டாக்டர். கட்டண்ணன் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லை. மணிக்கட்டுப் பட்டைக்குள் தகடு இருந்ததால் அதைக் கழற்றி வைத்தேன். கையை மடக்கிப் பலகையில் கிடத்தி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்சை நிறுத்துங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

படத்தில் மேல்பாதி தெளிவாக இருந்தது. கீழே, முழங்கையைத் தாண்டி முன்கைப் பக்கம் கலங்கியிருந்தது.

"அண்ணே, அசையாதீங்கன்னு சொன்னேன்ல! இத்தனை வருஷம் இந்த ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு, ஒரு படத்துக்கு ஒழுங்கா உக்காரத் தெரியாதா?"

"நான் எங்கம்மா அசைஞ்சேன்?"

"பின்ன நானா அசைஞ்சேன்? மறுபடியும் நிறுத்துங்க மூச்சை."

இந்த முறை பொத்தானை அழுத்தவில்லை. எங்கே அசைகிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோள் அசையவில்லை, முழங்கை அசையவில்லை. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பலகையின் மேல் கிடந்த அவருடைய கை பின்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

நான் கதவைத் திறந்துபோட்டுவிட்டு நடைபாதையில் நின்று, "பயில்வான்!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி விதிமுறை எல்லாம் காற்றில் பறந்தது. அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து அவள் வெறுங்காலோடு ஓடி வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, அவருடைய முன்கைச் சதையில் இரண்டு விரலை வைத்தாள்.

"தூக்குங்கண்ணே."

"வேணாம்மா, உன் முகம்..."

"என் முகத்தை விடுங்க. தூக்குங்க."

கை நகர்ந்தது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நகர்ந்தது. அவள் மறுபடியும் மறுபடியும் தூக்கச் சொன்னாள், ஐந்து முறை, ஆறு முறை. பிறகு பலகை விளிம்பிலேயே தலையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கட்டண்ணனுக்கு இடது கைதான் எட்டியது, அந்தக் கையால் அவள் தலையைத் தட்டிக்கொண்டே, "இதுக்கு ஏம்மா அழுவே, கை வந்தா சிரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்திலும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்தான், இந்தத் தடவை நான் யாரையும் திட்டவில்லை.

பிறகு வேறு படம் எடுத்தேன், அது நன்றாக வந்தது. வீணான படத்தைக் கழிவுப் பட்டியலில் ஏற்றி, காரணம் எழுத வேண்டும். எழுதினேன். மாலையில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வந்தார், பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். "நோயாளி மணிக்கட்டை அசைத்துவிட்டார்" என்று வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.